சாய்வே பருவங்களை ஆள்கிறது

நடுவர் ஐயா அவர்களே, சுங்கை சிப்புட் பெரியோர்களே, வணக்கம். பருவங்களை ஆள்வது சூரியனுக்கும் பூமிக்கும் உள்ள தூரமா, பூமியின் சாய்வா? சாய்வுதான் என்று பேச வந்திருக்கிறேன்.

பூமியின் பாதை நீள்வட்டம். கிட்டே போனால் வெயில், எட்டப் போனால் குளிர் என்றார் எதிரணித் தலைவர். நீள்வட்டம்தான், மறுக்கவில்லை. ஆனால் சூரியனுக்கு மிக அருகே நாம் போவது ஜனவரி தொடக்கத்தில்: ஏறத்தாழ 14.7 கோடி கிலோமீட்டர். மிகத் தொலைவில் இருப்பது ஜூலையில்: 15.2 கோடி. அந்த ஜனவரியில்தான் பெய்ஜிங்கில் ஏரி உறைகிறது, தென்பாதியில் உள்ள ஆஸ்திரேலியாவின் பெர்த்தில் வெயில் கொளுத்துகிறது. இரண்டு ஊருக்கும் தூரம் ஒன்றுதானே ஐயா! 23.4 பாகை சாய்ந்த பூமி, அப்போது தென்பாதியைச் சூரியன் பக்கம் காட்டுகிறது. அதுதான் காரணம்.

அப்புறம், "நம் மலேசியாவுக்கேது பருவம்? ஆண்டு முழுக்க வெயில்தானே" என்றார். பால்மரம் வெட்டியவர்களிடம், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுத்தவர்களிடம், இதைக் கேட்கட்டும். விடியலில் மழை பிடித்தால் வெட்டு இல்லை. வெட்டு இல்லையென்றால் கூலி இல்லை. ஆண்டுத் தொடக்கத்தில் மரம் இலை உதிர்த்தால் பாலும் குறையும். தோட்டத்து அடுப்பு பருவத்தைப் பார்த்துத்தான் எரிந்தது.

சாய்வு இருப்பதால் உச்சிச் சூரியன் கடக ரேகைக்கும் மகர ரேகைக்கும் இடையே போய்வருகிறது. வடக்கே போகும்போது ஏப்ரலில், திரும்பும்போது செப்டம்பரில், நம் தலைக்கு நேரே நிற்கிறது. மழைமேகப் பட்டை சற்றுப் பிந்தி அதைத் தொடர்கிறது. நம் மேற்குக் கரையில் ஏப்ரல்-மே, அக்டோபர்-நவம்பர் என இருமுறை மழை வலுப்பது அதனால்தான். கிழக்குக் கரையில் கதை வேறு. குளிர்காலத்தில் ஆசிய நிலம் குளிர்ந்ததும் அங்கிருந்து புறப்படும் காற்று, தென்சீனக் கடலில் ஈரத்தை அள்ளிவந்து கிளந்தான் மாநிலத்தில் கொட்டுகிறது. அங்கே 2014 டிசம்பர் வெள்ளம் வந்தபோது பூமி சூரியனை நெருங்கிக்கொண்டல்லவா இருந்தது!

சரி, தூரத்துக்கு வேலையே இல்லையா? உண்டு. ஜூலையைவிட ஜனவரியில் பூமிக்குச் சுமார் 7 விழுக்காடு கூடுதல் வெயில் கிடைக்கிறது. பூமி சூரியனை நெருங்கும் மாதமும் ஆயிரமாயிரம் ஆண்டுகளில் மெல்ல நகர்கிறது. சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முன் அது வடபாதியின் கோடையில் விழுந்தது. பருவமழை வலுத்து, சஹாராவில் ஏரியும் புல்வெளியும் இருந்தன. எதிரணி இதைத் தங்கள் சான்றாக எடுக்கக்கூடும். சாய்வே இல்லாவிட்டால் வடபாதிக்கென்று தனியாக ஒரு கோடை ஏது? அந்தக் கூடுதல் வெயில் இரு பாதிக்கும் ஒன்றுபோல அல்லவா போயிருக்கும்? சஹாராவைப் பச்சையாக்கவும் தூரத்துக்குச் சாய்வின் துணை வேண்டியிருந்தது. எதிரணியின் அடுத்த பேச்சாளர் முதலில் இதற்குப் பதில் சொல்லட்டும், நடுவர் ஐயா.