சிசிலியில் ஒரு ரமலான், 1153

அவைத் தலைவர் அவர்களே, பெரியோர்களே, நண்பர்களே, வணக்கம்.

எனக்கு முன் பேசிய நண்பர், இஸ்லாமுக்கும் மேற்குலகுக்கும் இடையே இருந்ததெல்லாம் ஓயாத பகை என்றார். அவருக்கும் முன் பேசியவர், ஸ்பெயினிலும் சிசிலியிலும் மூன்று மதத்தாரும் உடன்பிறந்தாராக வாழ்ந்த பொற்காலம் ஒன்று இருந்தது என்றார். இருவருக்கும் பலத்த கைதட்டல். இரண்டையும் மறுக்க வந்திருக்கும் எனக்கு அது கிடைக்குமா, தெரியவில்லை. ஸ்பெயினைப் பற்றிப் பேச ஆள் நிறைய இருக்கிறது. நான் இத்தாலியின் தென்முனையை ஒட்டிய சிசிலித் தீவோடு நிறுத்திக்கொள்கிறேன்.

இஸ்லாம் வாளால் பரவியதா, வணிகத்தால் பரவியதா என்று நம் மேடைகளில் சளைக்காமல் கேட்கிறோம். சிசிலிக்கு அது படையோடுதான் வந்தது, மழுப்ப வேண்டியதில்லை. ஆனால் அழைத்து வந்தவர் ஒரு கிறிஸ்தவர். அப்போது தீவை ஆண்ட பைசாந்தியப் பேரரசுக்கு எதிராகக் கலகம் செய்த யூபீமியஸ் என்ற கடற்படைத் தளபதி, இன்றைய துனிசியாவை ஆண்ட அக்லபியரிடம் போய் உதவி கேட்டார். 827இல் படை இறங்கியது. தலைமை தாங்கியவர் அசத் இப்னுல் ஃபுராத், கைரவான் நகரின் காழி, அதாவது நீதிபதி, முதிய சட்ட அறிஞர். மறு ஆண்டே முற்றுகையின் நடுவில் நோய் கண்டு இறந்தார். தீவின் முக்கிய நகரான பலெர்மோ 831இல் விழுந்தது, தவோர்மினா 902இல். ஒரு தீவைப் பிடிக்க முக்கால் நூற்றாண்டு! மின்னல் வேகப் படையெடுப்பு என்று பள்ளியில் படித்தவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும்.

படைக்குப் பின்னால் வந்தவர்கள்தான் தீவை மாற்றினார்கள். வட ஆப்பிரிக்காவிலிருந்து குடியேறிய உழவர்கள் நீர்ப்பாசனத்தோடு எலுமிச்சை, நாரத்தை, கரும்பு, பருத்தி எல்லாவற்றையும் கொண்டுவந்தார்கள். தீவின் மேற்குப் பகுதி பெரும்பாலும் முஸ்லிம் ஆயிற்று. வடகிழக்கில் கிரேக்கக் கிறிஸ்தவர்கள் அப்படியே இருந்தார்கள். 973இல் பலெர்மோவுக்கு வந்த பயணி இப்னு ஹவ்கல், முந்நூறுக்கு மேல் பள்ளிவாசல்களைக் கண்டதாக எழுதுகிறார். பக்தியைப் புகழ்கிறார் என்று நினைக்காதீர்கள். ஆளுக்கொரு பள்ளிவாசல் கட்டியது வெறும் வீம்புக்கு என்கிறார். ஊரில் வாத்தியார்கள் மலிந்து கிடப்பது போருக்குப் போகாமல் தப்பிக்கத்தான் என்றும் சேர்த்துக்கொள்கிறார். எனக்கு மிகவும் பிடித்த சாட்சி அவர்.

பிறகு வட பிரான்சிலிருந்து தென் இத்தாலிக்கு வந்திருந்த கிறிஸ்தவப் போர்வீரர்களான நார்மானியர். அவர்களையும் ஒருவர் அழைத்துத்தான் வந்தார். இந்த முறை ஒரு முஸ்லிம். சக அமீரோடு பகை முற்றிப்போன இப்னு அல்தும்னா. 1061இல் கடல் கடந்தார்கள், 1072இல் பலெர்மோ, 1091இல் தீவு முழுவதும் அவர்கள் கையில்.

வென்றவர்கள் சிறு கூட்டம். யாருடைய நிலம் எது, எந்த ஊர் எவ்வளவு வரி கட்ட வேண்டும் என்பதெல்லாம் அரபிப் பதிவேடுகளில் இருந்தது. அவற்றைப் படிக்கத் தெரிந்த எழுத்தர்களை விரட்டிவிட்டால் கஜானா காலி. எனவே திவான் என்ற வரி அலுவலகம் அரபியிலேயே நடந்தது. இன்னொரு செய்தி. 1098இல் தென் இத்தாலியின் கப்புவா நகரத்தை முற்றுகையிட்ட, சிசிலியை வென்ற நார்மானியத் தலைவர் முதலாம் ரோஜரின் படையில் முஸ்லிம் வீரர்கள் பெருந்திரளாக இருந்தார்கள். இங்கிலாந்தின் காண்டர்பரிப் பேராயர் ஆன்செல்ம் அங்கே போயிருந்தார். அவருடைய அன்பைப் பார்த்துப் பல வீரர்கள் மதம் மாறவும் தயாராக இருந்தார்கள், ரோஜரின் தண்டனைக்கு அஞ்சித்தான் மாறவில்லை என்று உடனிருந்த ஈட்மர் என்ற துறவி எழுதி வைத்திருக்கிறார். சிலுவைப் போர் தொடங்கிவிட்ட காலத்தில், ஒரு கிறிஸ்தவப் பிரபு தன் முஸ்லிம் வீரர்களைக் கிறிஸ்தவராக விடவில்லை! முஸ்லிமாக இருக்கும் வீரனே அவருக்குப் பயன்பட்டான்.

பொற்காலத்துக்குச் சான்றாக எல்லோரும் காட்டுவது அவர் மகன் இரண்டாம் ரோஜரை. காட்டலாம், சான்றுக்குக் குறைவில்லை. அவருடைய செம்பட்டு மேலங்கியில் ஒட்டகத்தைச் சிங்கம் அடிக்கும் சித்திரம். ஓரமெல்லாம் அரபி எழுத்து, ஹிஜ்ரி 528 என்ற ஆண்டோடு. பிற்காலத்தில் புனித ரோமானியப் பேரரசர்கள் முடிசூடும்போது அணிந்தது இந்த அங்கியைத்தான். இன்று வியன்னாவில் இருக்கிறது. அவருடைய அரண்மனைத் தேவாலயத்தின் விதானம் அப்படியே இஸ்லாமிய வேலைப்பாடு. வட ஆப்பிரிக்காவின் செயூத்தாவில் பிறந்த அறிஞர் அல்இத்ரீசி அவருக்காகவே உலகப் புவியியல் நூலொன்றை எழுதினார். தெற்கை மேலே வைத்து வரைந்த வரைபடங்கள். நம் பக்கத்து இலங்கையும் அவற்றில் உண்டு. அந்த நூல் ஹிஜ்ரி 548, ஷவ்வால் மாதத்தில் முடிந்தது.

அதற்கு முந்தைய மாதம், 1153ஆம் ஆண்டின் ரமலானில், அதே பலெர்மோவில் அதே அரசர் தம் கடற்படைத் தலைவரை உயிரோடு எரித்தார். மஹ்தியாவைச் சேர்ந்த ஃபிலிப். அரண்மனையில் வளர்ந்தவர், அரசருக்காக ஆப்பிரிக்கக் கரையில் போனா நகரைப் பிடித்துக் கொடுத்துவிட்டு அப்போதுதான் திரும்பியிருந்தார். வெளியே கிறிஸ்தவர், உள்ளுக்குள் முஸ்லிம் என்பது குற்றச்சாட்டு. போனாவில் மக்கள் சிலரைத் தப்பவிட்டதுதான் அரசரின் கோபத்துக்கு முதல் காரணம் என்கிறார் வரலாற்றாசிரியர் இப்னுல் அஸீர். அரபு அறிஞரை அருகில் உட்கார வைத்தவரும் ஃபிலிப்பை எரித்தவரும் ஒரே ஆள். இதில் எது உண்மையான ரோஜர் என்று கேட்பதே தவறு என்று நினைக்கிறேன். அறிஞர் தேவைப்பட்டார். தளபதி தேவைப்படாமல் போய்விட்டார்.

முப்பது ஆண்டு கழித்து, ஹஜ்ஜை முடித்துக்கொண்டு ஸ்பெயினின் கிரனாடாவுக்குத் திரும்பிய பயணி இப்னு ஜுபைரின் கப்பல் மெசினா அருகே உடைந்தது. கரையேற்றும் படகுக் கூலிக்குக் காசில்லாமல் தவித்த ஏழை முஸ்லிம்களுக்காக, ரோஜரின் பேரன் இரண்டாம் வில்லியம் தன் பணத்தைக் கொடுத்தார். அரபி எழுதப் படிக்கத் தெரிந்த அரசர். பலெர்மோவில் பாங்கு ஒலித்தது, முஸ்லிம்களுக்குக் காழியும் இருந்தார். ஆனால் வெள்ளிக்கிழமை குத்பாவுக்கு, அதாவது தொழுகைச் சொற்பொழிவுக்கு, அனுமதி இல்லை. பெருநாளில் மட்டும் உண்டு. த்ராபனியில் வசதியான ஒருவர், ‘என் மகளை ஏற்றுக்கொள்ளுங்கள், அவள் முஸ்லிம் நாட்டில் வாழட்டும்’ என்று பயணிகளில் ஒருவரிடம் கேட்டனுப்பினார். பெற்ற மகளை அறிமுகமில்லாத ஊருக்கு அனுப்பத் துணியும் தகப்பனுக்கு எதிர்காலம் தெரிந்திருக்க வேண்டும்.

1189இல் வில்லியம் வாரிசில்லாமல் இறந்தார். பலெர்மோவில் முஸ்லிம்கள் தாக்கப்பட்டார்கள், உயிர் பிழைத்தவர்கள் மேற்கு மலைகளுக்கு ஓடிக் கலகம் செய்தார்கள். கலகத்தை அடக்கியவர் பின்னர் சிசிலிக்கு அரசரான பேரரசர் இரண்டாம் பிரெடரிக். 1229இல் சுல்தான் அல்காமிலோடு உடன்படிக்கை செய்து, போரிடாமலே ஜெருசலேமைப் பெற்றவர் என்று எல்லா மேடையிலும் பாராட்டப்படுகிறாரே, அவரேதான். சிசிலி முஸ்லிம்களைக் கூட்டம் கூட்டமாக இத்தாலிப் பெருநிலத்தின் லூசெராவுக்குப் பெயர்த்து அங்கேயே அடைத்தார். மதத்தில் கை வைக்கவில்லை, பள்ளிவாசலும் இருந்தது. போப்போடு ஓயாமல் மோதிய அவருக்கு, போப்பின் சாபத்துக்கு அஞ்சாத வில்வீரர்கள் வேண்டியிருந்தது.

அவர் வம்சம் போய், பிரான்சிலிருந்து ஆஞ்சூ வம்சம் வந்தது. அவர்களும் லூசெராவின் வில்லாளிகளை முப்பது ஆண்டுக்கு மேல் வைத்து வேலை வாங்கினார்கள். 1300ஆம் ஆண்டு, கடனில் மூழ்கியிருந்த இரண்டாம் சார்லஸ் அந்த ஊரைக் கலைத்தார். உடைமைகள் அரசுக்கு எடுக்கப்பட்டன. மக்களில் பெரும்பாலோர் அடிமைகளாக விற்கப்பட்டார்கள்.