ஒரே அட்சரேகை, வெவ்வேறு கோடை

நேயர்களுக்கு வணக்கம்.

ஜனவரி முதல் வாரத்தில் பூமி சூரியனுக்கு மிக அருகில் வருகிறது. அப்போது தொலைவு சுமார் 14.7 கோடி கிலோமீட்டர். ஜூலை முதல் வாரத்தில் அது 15.2 கோடியாகிவிடும். ஆனால் வட அரைக்கோளத்தில் வெயில் கொளுத்துவது அந்த ஜூலையில்தான்! ஆகவே, தூரத்தை மறந்துவிடுவோம். பருவங்களுக்குக் காரணம் பூமியின் அச்சு 23.4 டிகிரி சாய்ந்திருப்பதே. அந்தச் சாய்வின் விளைவு எங்கே எவ்வளவு தெரியும் என்பது அட்சரேகையை, அதாவது நிலநடுக்கோட்டிலிருந்து எத்தனை டிகிரி வடக்கே அல்லது தெற்கே இருக்கிறோம் என்பதைப் பொறுத்தது.

நிலநடுக்கோட்டில் ஆண்டு முழுக்கப் பகல் ஏறக்குறைய 12 மணி நேரம்தான். நண்பகல் சூரியன் அடிவானத்திலிருந்து 66 டிகிரி உயரத்துக்குக் கீழே இறங்குவதே இல்லை. அதற்கு ஒரு டிகிரி வடக்கே இருக்கும் சிங்கப்பூரில், அதிக வெப்பமான மாதத்துக்கும் குறைந்த வெப்பமான மாதத்துக்கும் சராசரியில் இரண்டு டிகிரி செல்சியஸ் அளவுதான் வித்தியாசம்.

60 டிகிரி வடக்குக்குப் போனால் கதையே வேறு. ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் ஜூன் பகல் கிட்டத்தட்ட 19 மணி நேரம்; டிசம்பரில் ஆறு மணி நேரம்கூட இல்லை. கோடையிலும் அங்கே சூரியன் உச்சிக்கு ஏறாது, 53 டிகிரியோடு நின்றுவிடும். சாய்வாக விழும் ஒளிக்கு வலு குறைவு. ஆனால் அது விழுகிற நேரம் அதிகம்.

இந்த நேரக் கணக்கை வட துருவம் வரை கொண்டுபோனால் வியப்பான ஒரு விடை வரும். ஜூன் 21 அன்று, வளிமண்டலத்தின் மேல் விளிம்பில் அளந்தால், 24 மணி நேரத்தில் துருவம் பெறும் சூரிய ஆற்றல் நிலநடுக்கோடு பெறுவதைவிட மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் அதிகம். பிறகு ஏன் அங்கே கோடையிலும் வெப்பநிலை பூஜ்ஜியத்தை ஒட்டியே நிற்கிறது? வரும் ஒளியில் பெரும்பகுதியைப் பனி திருப்பி அனுப்பிவிடுகிறது. மிச்சத்தில் நிறையப் பனியை உருக்கவே செலவாகிவிடுகிறது.

அப்படியென்றால் கடும் வெயில் எங்கே? நிலநடுக்கோட்டில் இல்லை. அங்கே மேகமும் மழையும் வெயிலைத் தணித்துவிடும். அங்கு மேலெழும் காற்று, ஈரத்தைக் கொட்டிவிட்டு, 30 டிகிரி அட்சரேகையை ஒட்டிக் கீழிறங்கி மேலும் சூடாகிறது. சகாரா பாலைவனம் உருவானதில் இந்தக் காற்றுக்குப் பெரும் பங்கு உண்டு.

இதுவரை சொன்னதெல்லாம் சூரியன் தரும் வரவு. அது வெப்பமாக மாறுவது கடலும் நிலமும் விட்ட வழி. ஐஸ்லாந்தின் ரெய்க்யவிக் 64 டிகிரி வடக்கு. சைபீரியாவின் யாகுட்ஸ்க் 62 டிகிரி. ஜூலைச் சராசரி முதலாவதில் 12 டிகிரியை ஒட்டியிருக்கும். இரண்டாவதில் 20ஐ எட்டும். ஆனால் ஜனவரியில் ரெய்க்யவிக் பூஜ்ஜியத்தை ஒட்டி நிற்க, யாகுட்ஸ்க் மைனஸ் 38க்குப் போய்விடுகிறது. கடல் மெதுவாகச் சூடாகி மெதுவாக ஆறும். நிலத்துக்கு அந்தப் பொறுமை கிடையாது. சைபீரியாவிலேயே, ஆர்க்டிக் வட்டத்துக்குள் இருக்கும் வெர்கோயான்ஸ்க்கில் 2020 ஜூன் 20 அன்று 38 டிகிரி பதிவானது. ஆர்க்டிக் பகுதியில் அதுவே உச்சம் என்று உலக வானிலை அமைப்பு உறுதி செய்தது.

தென் அரைக்கோளத்தில் பருவங்கள் நேர்மாறு. ஜனவரியில் சூரியன் நெருங்கியிருக்கும்போதுதான் அங்கே கோடை. ஆனால் 40 முதல் 60 டிகிரி வரை பெரும்பாலும் கடல்தான். 55 டிகிரி தெற்கில் இருக்கும் அர்ஜென்டினாவின் உஷுவாயாவில் ஜனவரிச் சராசரி 10 டிகிரியை ஒட்டித்தான். அதே அளவு வடக்கே இருக்கும் மாஸ்கோவில் ஜூலைச் சராசரி 19ஐ எட்டிவிடும்.

நன்றி, வணக்கம்.