ஸ்பிட்ஃபயருக்கு டயர்: சேலத்துக் கடையிலேயே, கைக்கு அடக்கமான செலவில்

காட்சி: ஏற்காடு அடிவாரம். ஓரமாக நிற்கும் ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர். கேமரா முன் சக்கரத்தை நெருங்குகிறது.

குரல்: 1962-ல் வந்து 1980-ல் நின்றுபோன இங்கிலாந்துக் கார். இரண்டு பேர் உட்காரலாம், மூன்றாவது ஆளுக்கு இடமில்லை. இதை வைத்திருப்பவர்களுக்கு முதல் கவலை டயர்தான். வெளிநாட்டில் இருந்து வரவழைக்க வேண்டுமா, பேசாமல் வேறு அளவு டயரோடு அலாய் சக்கரம் போட்டுவிடலாமா என்று யோசிப்பார்கள். இரண்டுமே வேண்டாம்.

கடைசியாக வந்த ஸ்பிட்ஃபயர் 1500 மாடலுக்குக் கம்பெனி சொன்ன அளவு 155 எஸ்ஆர் 13. 155 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். இது பழைய காலத்து எழுத்து. இன்றைக்கு அதே அளவு 155/80 ஆர்13 என்று வருகிறது. பழைய ஐ10, பழைய செலேரியோ கார்களுக்குப் போடுகிற சாதாரண டயர். சேலத்தில் எந்த டயர் கடையில் கேட்டாலும் கிடைக்கும், இல்லையென்றால் மறுநாள் வரவழைத்துத் தருவார்கள். வேகக் குறியீடு எஸ் என்றால் மணிக்கு 180 கிலோமீட்டர் வரை, டி என்றால் 190. இந்தக் காருக்கு எஸ்ஸே தாராளம்.

ஆரம்ப கால மாடல் வைத்திருப்பவர்கள் மட்டும் கொஞ்சம் கவனியுங்கள். அதில் டிஸ்க், அதாவது டயரை மாட்டுகிற இரும்புச் சக்கரத்தின் அகலம் 3.5 இஞ்ச்தான். அதற்கு 145 டயர் போதும். 155 டயருக்குக் குறைந்தது 4 இஞ்ச் அகலம் வேண்டும்.

காட்சி: டிஸ்க் கழற்றிய ஹப். நான்கு ஸ்டட். மேலே ஒரு ஸ்டீல் ஸ்கேல்.

குரல்: இப்போது டிஸ்க். அதை மாட்டுகிற ஹப்பில், நட்டு ஏறுகிற நான்கு போல்ட்தான் ஸ்டட். ஒரு ஸ்டட்டின் வெளி ஓரத்தில் ஸ்கேலை வைத்து, நேர் எதிர் ஸ்டட்டின் உள் ஓரம் வரை அளந்து பாருங்கள். 95 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே வரும். சரியான கணக்கு 95.25, அதாவது மூன்றே முக்கால் இஞ்ச். ஸ்டட்கள் நிற்கிற வட்டத்தின் இந்த விட்டத்தைத்தான் பிசிடி என்கிறோம். நம் ஊர்ச் சின்னக் கார்களின் அலாய் பெரும்பாலும் 100. வித்தியாசம் ஐந்து மில்லிமீட்டர்கூட இல்லையே, நட்டை இறுக்கினால் உட்கார்ந்துவிடும் என்று யாராவது சொன்னால் அந்தக் கடையை விட்டு வெளியே வந்துவிடுங்கள். நட்டின் கூம்பு ஒரு பக்கமாக ஏறும், ஸ்டட் வளையும். ஏற்கெனவே அது 3/8 இஞ்ச் கனமுள்ள மெல்லிய ஸ்டட்.

மாற்று டிஸ்க் தேவைப்பட்டால் நமக்கு ஒரு வழி இருக்கிறது. 1961-ல் இருந்து சென்னையில் ஸ்டாண்டர்டு ஹெரால்டு தயாரானது. ஸ்பிட்ஃபயர் பிறந்ததே ஹெரால்டின் அடித்தளத்தில்தான், இரண்டையும் வடிவமைத்தவர் இத்தாலிக்காரர் மிக்கெலாட்டி. பிசிடி ஒன்றே. எனவே பழைய ஹெரால்டு டிஸ்க் கிடைத்தால் எடுத்துக்கொள்ளலாம். அகலம் குறைவு என்பதால் அதற்கும் 145 டயர்தான். வாங்குவதற்கு முன்னால் ஸ்டட் ஓட்டைகளைச் சுற்றி விரல் நகத்தால் வருடிப் பாருங்கள். கீறல் தட்டினால் வேண்டாம். துரு மட்டும்தான் என்றால் மணல் பிளாஸ்டிங், பவுடர் கோட்டிங் போதும். லாரிகள் ஓடுகிற ஊர், இந்த வேலைக்கு ஆள் தேடி அலைய வேண்டியதில்லை.

கம்பிச் சக்கரம் அழகுதான். ஆனால் அதற்கு ஹப்பில் தனி அடாப்டர் மாட்ட வேண்டும், ட்யூபும் கட்டாயம், கம்பி தளர்ந்தால் சரிசெய்கிற கையும் வேண்டும். பட்ஜெட் வீடியோவில் அதற்கு இடமில்லை.

காட்சி: கொண்டை ஊசி வளைவு ஒன்றில் கார் திரும்புகிறது. பின் சக்கரம் மட்டும் நெருக்கத்தில்.

குரல்: அகலமான டயர் போட்டால் மலையில் பிடிப்பு கூடும் என்று எல்லாரும் சொல்வார்கள். இந்தக் காரில் கதை வேறு. சேலத்தில் இருந்து ஏற்காடு போக 20 கொண்டை ஊசி வளைவுகள். இறங்கும்போது ஒரு வளைவின் நடுவில் ஆக்சிலரேட்டரில் இருந்து காலைச் சட்டென்று எடுத்தால், பழைய ஸ்பிட்ஃபயரின் பின்பக்கம் மேலே எழும்பும். பின் அச்சு நடுவில் இருந்து மேலும் கீழும் ஆடுகிற ஸ்விங் ஆக்சில் என்பதால் பின் சக்கரங்கள் உள்பக்கம் மடிந்து, டயர் ஓரத்தில் நிற்கும். டயரின் பிடிப்பு எவ்வளவு கூடுகிறதோ, பின்பக்கத்தைத் தூக்குகிற விசையும் அவ்வளவு கூடும். 1970-ல் வந்த நான்காம் மாடலில் பின் ஸ்பிரிங்கை மாற்றி இதை வெகுவாகக் குறைத்தார்கள். அதற்கு முந்தைய கார் என்றால் டயர் அகலத்தைக் கூட்டாதீர்கள், வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிடுங்கள். அகல டயருக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்தால் முன் டயர் உள்ளே எங்காவது உரசும். சின்ன வட்டத்தில் திரும்புவதுதான் இந்தக் காரின் பெருமையே, அதைக் காசு கொடுத்துக் கெடுப்பானேன்?

காட்சி: டயரின் பக்கச் சுவர். நான்கு இலக்க எண் மீது விரல்.

குரல்: 2319 என்று இருந்தால் 2019-ம் ஆண்டின் 23-வது வாரம். பழைய கார் அதிகம் ஓடாது, டயர் தேயாது, ஆனால் ரப்பர் வயதாகிக் கெட்டியாகிவிடும். தரையில் படுகிற பட்டன் தேயாமல் பளபளவென்று இருக்கிறதே என்று செகண்ட் ஹேண்ட் டயரை எடுத்துவிடாதீர்கள், முதலில் தேதியைப் பாருங்கள். அலாயில் மிச்சமான பணம் நான்கு புது டயருக்குப் போகட்டும்.

மாட்டிய பிறகு ஐம்பது கிலோமீட்டர் ஓட்டி நட்டுகளை மறுபடி இறுக்குங்கள். காற்று 1500 மாடலுக்கு முன்னால் 21, பின்னால் 26 பிஎஸ்ஐ. சொல்லாமல் விட்டால் கடைப் பையன் நாலுக்கும் ஒரே அளவு அடித்துவிடுவான், அப்புறம் வளைவில் பின்பக்கம் வழுக்கும். அளவைக் காலையில் வண்டி எடுப்பதற்கு முன் பாருங்கள். மலை ஏறிய சூட்டில் அளந்தால் கூடுதலாகத்தான் காட்டும், அதை நம்பிக் காற்றை இறக்கிவிடாதீர்கள்.