முப்பது பிள்ளைகள், ஐந்து பங்கு

(தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெரியோர்களுக்கும் ஆசிரிய நண்பர்களுக்கும் வணக்கம்.

'உலகத் தாளக் கருவிகளும் தொடக்கப் பள்ளியும்' என்று அழைப்பிதழில் தலைப்புப் போட்டிருக்கிறார்கள். உலகத்தைச் சுற்றிவர எனக்குக் கொடுத்திருப்பது அரை மணி நேரம். ஆகவே ஓர் ஊரில் கொஞ்சம் நிதானமாக நின்றுவிட்டு, மற்ற இடங்களை எட்டிப் பார்த்துக்கொள்வோம்.

கானா நாட்டின் தென்கிழக்கில் வாழும் எவே மக்களிடம் 'காஹு' என்றொரு ஆட்டம் உண்டு. வட்டமாகச் சுற்றி ஆடுவார்கள். கூடவே பல அளவில் முரசுகள் முழங்கும். ஆனால் அத்தனை பேரும் காது வைத்திருப்பது முரசில் இல்லை, கன்கோகுவி என்கிற இரட்டை இரும்பு மணியில். 16 மாத்திரைக்குள், அதாவது ஒரே அளவான 16 சின்ன நேரத் துண்டுகளுக்குள், அந்த மணி ஐந்தே அடி அடிக்கும். தாளத்தை வாயால் சொல்லும் நம் சொற்கட்டில் சொல்லிப் பாருங்கள்: தகிட தகிட தகதிமி தகதிமி தக. ஒவ்வொரு சொல்லின் முதல் எழுத்திலும் ஓர் அடி. மூன்று, மூன்று, நான்கு, நான்கு, இரண்டு. கூட்டினால் 16.

இப்போது காலால் நாலு மாத்திரைக்கு ஒரு தட்டு தட்டிக்கொண்டே, கையால் அந்த மணியடியைப் போடுங்கள். கையும் காலும் சேர்ந்து விழுவது முதல் அடியில் மட்டும்தான். மற்ற நாலு அடியும் காலைத் தொடாமல் நழுவிப் போகும். இங்கேயே பாதிப் பேருக்குத் தடுமாறுகிறது, பார்க்கிறேன். எட்டு வயதுப் பிள்ளைகள் உங்களைவிடச் சீக்கிரம் பிடித்துவிடுவார்கள்; அவர்களுக்குச் சபைக்கூச்சம் கிடையாது.

மணிக்குத் துணையாக அஹாட்சே வரும். சுரைக்குடுக்கையைச் சுற்றிப் பாசிமணிகள் கோத்த வலை. மணியடி விழும்போது தொடையில் தட்டுவார்கள், இடைப்பட்ட நேரத்தில் மேலே தூக்கி உள்ளங்கையில் தட்டுவார்கள். ககான் என்ற சின்ன முரசு, காலின் தட்டை விட்டு இடைவெளியிலேயே பேசும். அப்புறம் கிடி, சோகோ என்று இன்னும் இரண்டு முரசுகள். இவற்றுக்கெல்லாம் மேலே தலைமை முரசுக்காரர். தனித்தனியாகக் கேட்டால் ஒவ்வொன்றும் சாதாரணம்தான். ககான் பங்கை மட்டும் ஒரு பையன் வீட்டில் வாசித்தால், 'ஏண்டா டொக்கு டொக்குன்னு தட்டுறே' என்று அம்மா கேட்பார். எல்லாம் சேரும்போதுதான் காஹு.

நான் சொல்ல வந்ததே இதைத்தான். நம் பள்ளி ஆண்டு விழாவில் இரண்டு வகைதான் பார்க்கிறோம். ஒன்று, நன்றாக வாசிக்கும் ஒரு பிள்ளை மேடையில். மீதிப் பேர் கை தட்டுவார்கள். இல்லாவிட்டால் முப்பது பேரும் ஒரே தாளத்தை ஒரே மாதிரி அடிப்பார்கள். முதல் வகையில் ஒருவர்தான் கற்றுக்கொள்கிறார். இரண்டாவது வகையில் யாரும் யாரையும் கேட்கத் தேவையில்லை. தான் நிறுத்தினால்கூட ஒன்றும் குறையாது என்று பிள்ளைக்குத் தெரியும். பங்கு பிரித்தால், தன் பங்கு விழாத இடத்தில் ஓட்டை தெரியும். அதனால் கேட்டே ஆக வேண்டும்.

இங்கிலாந்தில் அரசு செலவில் நடக்கும் பல தொடக்கப் பள்ளிகளில் வகுப்பு முழுவதும் சேர்ந்து மேற்கு ஆப்பிரிக்காவின் ஜெம்பே முரசும் பிரேசிலின் சம்பா முரசு இசையும் கற்றுக்கொள்வது சகஜமாகிவிட்டது. சம்பாவில் எனக்குப் பிடித்தது சுர்டோ என்ற பெரிய முரசு. பிரேசிலின் ரியோ நகர முறையில் மிகப் பெரிய சுர்டோ இரண்டாவது எண்ணிக்கையில்தான் விழும். கொஞ்சம் சிறியது முதல் எண்ணிக்கையில் விழுந்து அதற்குப் பதில் சொல்லும். வகுப்பில் எல்லாவற்றையும் வேகமாக அடித்து முந்துகிற ஒரு பையன் இருப்பானே, அவனிடம் அந்தப் பெரிய சுர்டோவைக் கொடுங்கள். இரண்டு எண்ணிக்கைக்கு ஒரே அடி, அதுவும் காத்திருந்து அடிக்க வேண்டும். முதல் வாரம் அவனுக்கு அழுகை வரும்.

ஜெம்பே வாங்குகிறவர்களுக்கு ஒன்று. கினி, மாலி பக்கத்து மாண்டிங் மக்களின் கருவி அது. ஆட்டுத் தோல், கயிற்றால் இழுத்துக் கட்டியது. அடிப்பக்கம் திறந்திருக்கும். தரையில் நேராக வைத்தால் ஒலி உள்ளேயே அடைபட்டுப் போகும், கொஞ்சம் சாய்த்துப் பிடிக்கச் சொல்லுங்கள். நடுவில் உள்ளங்கை விழுந்தால் கனத்த ஒலி. ஓரத்தில் விரல்களைச் சேர்த்து அடித்தால் தெளிந்த ஒலி. அதே ஓரத்தில் விரல்களைத் தளர்த்தி அடித்தால் சுளீர் என்று வரும். இந்த மூன்றாவது ஒலி பிள்ளைகளுக்கு உடனே வராது, வற்புறுத்தினால் கை சிவக்கும். முதல் பருவத்துக்கு இரண்டு ஒலி போதும். மோதிரம், வளையலைக் கழற்றிவிட வேண்டும்.

சரி, இத்தனை தூரம் போய்விட்டுப் பறையைப் பேசாமல் விட்டால் நியாயமில்லை. ஆப்பிரிக்க முரசை மேசைமேல் வைத்துப் படம் எடுக்கும் பள்ளிகள் உண்டு. பறை என்றதும் அதே பள்ளியில் 'அது சாவு வீட்டுக்கு ஆச்சே' என்று ஒரு குரல் வரும். அந்தக் குரலில் இருப்பது சாதி, இசை பற்றிய கவலை இல்லை. பறை இசைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. விருது வந்ததால்தான் பறைக்கு மதிப்பு என்று நான் சொல்ல வரவில்லை. தயங்கும் தலைமையாசிரியரிடம் காட்ட ஒரு செய்தித்தாள் துண்டாவது இருக்கட்டும் என்றுதான் சொல்கிறேன். எவே மக்களின் பெயரை வகுப்பில் சொல்லிக் கொடுக்கிற நாம், பறையை வாசித்துக் காத்தவர்கள் யார் என்பதையும் சொல்லியாக வேண்டும். முடிந்தால் ஊரில் வாசிக்கிறவரையே அழையுங்கள். வந்து போக வண்டிச் செலவு மட்டும் போதாது, ஆசிரியருக்கான ஊதியமாகக் கொடுங்கள்.

காசு இல்லையே என்பவர்களுக்கு: பெயின்ட் வாளியைக் கவிழ்த்தால் முரசு. பிளாஸ்டிக் பாட்டிலில் கொஞ்சம் அரிசி போட்டு மூடினால் அஹாட்சேக்கு மாற்று. மணிக்கு மட்டும் நிஜ இரும்பு வேண்டும். பழைய பள்ளி மணி, தண்டவாளத் துண்டு எதுவானாலும் சரி. வாளி கிடைத்தது என்று சின்ன அறைக்குள் முப்பது பேரை உட்கார வைக்காதீர்கள், காதுக்கு ஆகாது. மரத்தடி போதும்.

நிறுத்தும் சைகையை முதல் நாளே பழக்கிவிடுங்கள். நான் ஒரு கையைத் தூக்கினால் எல்லாக் கையும் மடியில். அதைக் கற்றுக்கொடுக்காமல் இரண்டாவது தாளத்துக்குப் போகவே போகாதீர்கள்.

இப்போது நாமே போட்டுப் பார்ப்போம். இந்தப் பக்கம் மூன்று வரிசை, கையால் மணியடி. நடு வரிசைகள் தொடையில் தட்டுங்கள். பின்னால் இருப்பவர்கள் காலால் நாலு மாத்திரைக்கு ஒரு தட்டு. சொற்கட்டை வாய்விட்டுச் சொல்ல வேண்டும், மனசுக்குள் சொன்னால் கணக்கில் வராது. தகிட...