முதல் வாரமே ஆஸ்டாவுக்குப் போங்கள்

நேயர்களுக்கு வணக்கம். ஜெர்மனியில் இன்று படிக்கும் வெளிநாட்டு மாணவர்களில் இந்தியர்கள்தான் அதிகம். நம் ஊர்ப் பிள்ளைகளும் நிறையப் பேர் போகிறார்கள். விசா, வங்கியில் முடக்கிவைக்கும் பணம், தங்க அறை என்று எல்லாவற்றையும் விசாரிக்கிறார்கள். ஆஸ்டா என்கிற மாணவர் நிர்வாகக் குழுவைப் பற்றி மட்டும் யாரும் கேட்பதில்லை. எனக்கு அது வருத்தம். அதனால்தான் இன்று அதைப் பற்றியே பேச வந்தேன்.

அங்கே அரசுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலானவற்றில் படிப்புக் கட்டணம் கிடையாது. ஆனால் செமஸ்டருக்கு ஒருமுறை ஒரு தொகை கட்ட வேண்டும். அதில் ஒரு சிறு பகுதி மாணவர் அமைப்புக்குப் போகிறது. மாணவர்கள் வாக்களித்து ஒரு மாணவர் நாடாளுமன்றத்தைத் தேர்ந்தெடுப்பார்கள்; அது நியமிக்கும் நிர்வாகக் குழுதான் ஆஸ்டா. கிழக்கு மாநிலங்கள் சிலவற்றில் இதையே ஷ்டூரா என்பார்கள். உணவகமும் விடுதியும் நடத்துவது ஷ்டுடீரெண்டன்வெர்க் என்ற வேறு நிறுவனம். இரண்டும் ஒன்று என்று நினைத்துப் பலர் தவறான கதவைத் தட்டுகிறார்கள்.

சரி, ஆஸ்டா என்ன செய்யும்? பல இடங்களில் வழக்கறிஞரையே அமர்த்தியிருக்கிறார்கள். முதல் ஆலோசனைக்கு மாணவர் பணம் தர வேண்டியதில்லை. வீட்டு அட்வான்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். ஹீட்டிங் போன்ற செலவுகள் சேராத அடிப்படை வாடகையில் மூன்று மாதத்துக்கு மேல் வீட்டுக்காரர் கேட்கக் கூடாது என்று ஜெர்மன் சிவில் சட்டமே சொல்கிறது. இது தெரியாமல் கேட்டதைக் கொடுத்துவிட்டு, காலி செய்யும்போது திரும்ப வாங்க முடியாமல் தவிக்கிற பிள்ளைகள் உண்டு. கையெழுத்துப் போடும் முன்பே ஒப்பந்தத்தை அங்கே கொண்டுபோய்க் காட்டலாம்.

தேர்வு விஷயம் இன்னும் முக்கியம். கடைசி வாய்ப்பிலும் தோற்றுவிட்டீர்கள் என்று கடிதம் வந்தால், அதை எதிர்த்து மனுப் போடப் பொதுவாக ஒரு மாத அவகாசம்தான். அந்த மாதத்தை வீட்டுக்குச் சொல்லப் பயந்து, அறைக்குள்ளேயே அழுது கழித்துவிடுகிறார்கள். கடிதம் வந்த அன்றே ஆஸ்டாவுக்குப் போங்கள். அப்புறம் போனால் வழக்கறிஞருக்கும் கை கட்டிப்போய்விடும்.

பயணச் சீட்டும் மாணவர் அமைப்பின் வேலைதான். நாடு முழுக்க உள்ளூர் ரயிலிலும் பேருந்திலும் போகிற செமஸ்டர் டிக்கெட் 2024 கோடைப் பருவத்தில் வந்தது. எல்லா மாணவரும் சேர்ந்து கட்டுவதால், பொதுமக்கள் தரும் விலையில் 60 சதவீதம்தான். அப்போது மாதத்துக்கு 29.40 யூரோ. அதில் சேரலாமா வேண்டாமா என்று பல ஊர்களில் முடிவெடுத்தது மாணவர் அமைப்புதான். அந்தத் தொகையும் கட்ட முடியாத நிலை என்றால், திருப்பித் தரச் சொல்லி விண்ணப்பிக்கப் பல ஆஸ்டாக்களில் வழி உண்டு. சில இடங்களில் வட்டியில்லாத அவசரக் கடனும் கிடைக்கும்.

எல்லா மாநிலமும் ஒரே மாதிரி இல்லை. பாடன்-வுர்ட்டம்பெர்க்கில் 1977இல் மாணவர் அமைப்புக்குச் சட்ட உரிமை பறிக்கப்பட்டது. 2012இல்தான் திரும்பக் கிடைத்தது. நடுவிலிருந்த 35 ஆண்டுகளும் அங்கே மாணவர்கள் சும்மா இருக்கவில்லை, சட்ட அங்கீகாரம் இல்லாமலே சொந்தக் குழுக்களை நடத்தினார்கள். பவேரியாவில் இன்றும் அந்த உரிமை முழுதாக இல்லை. ஆகவே மியூனிக் போகிறவர்கள் அங்குள்ள மாணவர் பிரதிநிதிகளை விசாரித்துக்கொள்ளுங்கள்.

துறைக்குத் துறை ஃபாக்‌ஷாஃப்ட் என்ற மாணவர் குழுவும் உண்டு. பழைய வினாத்தாள், எந்தப் பாடத்தை எந்தப் பருவத்தில் எடுப்பது என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி.

இன்னொன்று. பெரும்பாலான மாநிலங்களில், பல்கலைக்கழகத்தில் சேர்ந்த நாளிலிருந்து நீங்களும் மாணவர் அமைப்பின் உறுப்பினர். வாக்குரிமை உண்டு, வேட்பாளராகவும் நிற்கலாம். குடியுரிமை தேவையில்லை. வாக்குப்பதிவு பல இடங்களில் மிகவும் குறைவு, அதனால் நூறு வாக்குகூட அங்கே பெரிய எண்ணிக்கை. வெளிநாட்டு மாணவர்களுக்கென்று ஆஸ்டாவில் தனிப் பிரிவு பெரும்பாலும் இருக்கும். பல பல்கலைக்கழகங்களில் அதன் பொறுப்பாளரை வெளிநாட்டு மாணவர்களே கூடித் தேர்ந்தெடுக்கிறார்கள். அந்தக் கூட்டம் எப்போது என்று முதல் வாரமே கேட்டு வையுங்கள். நன்றி, வணக்கம்.