முகாம் தேதியை யாரிடம் கேட்பது?

நேயர்களுக்கு வணக்கம்.

ஊருக்கு ஒரு இளைஞர் நற்பணி மன்றம் இருந்தால், அதன் பெயரில் ஆண்டுக்கு ஒரு ரத்ததான முகாமாவது நடக்கிறது. தலைவர் பிறந்தநாள், மன்றத்தின் ஆண்டு விழா, சுதந்திர தினம் என்று ஒரு நாளைக் குறித்து, பந்தல் போட்டு, வீடு வீடாகப் போய் ஆள் சேர்க்கிறார்கள். அந்த உழைப்பு பெரிது. ஆனால் தேதியை மன்றம் முதலில் முடிவு செய்துவிட்டு, ரத்த வங்கிக்குக் கடைசியில் தகவல் சொல்வதுதான் பல ஊர்களில் வழக்கம். முதலில் போக வேண்டிய இடம் ரத்த வங்கிதான் என்று சொல்லவே இன்று வந்திருக்கிறேன்.

ரத்தம் நாள் கணக்கு உள்ள பொருள். சிவப்பணுக்களை 2 முதல் 6 டிகிரி குளிரில் வைத்தாலும் 35 நாள்தான் தாங்கும். சிவப்பணுக்களைக் கூடுதல் நாள் காக்கும் கரைசல் சேர்த்த பையில் 42 நாள். ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களுக்கு (பிளேட்லெட்) ஆயுள் வெறும் 5 நாள். ஒரே தலைவரின் பிறந்தநாளுக்கு ஒரே நாளில் மாவட்டம் முழுக்க முகாம் நடந்தால், குளிர்பெட்டி நிரம்பி, அடுத்த மாதமே பைகள் காலாவதியாகும். ஏப்ரல், மே மாதங்களிலோ கல்லூரிகள் மூடிவிடுவதால் அங்கே நடக்கும் முகாம்களும் நின்றுபோகும். பிரசவமும் விபத்தும் விடுமுறை பார்ப்பதில்லை. பிறவியிலேயே ரத்தம் சரியாக உருவாகாத தலசீமியா நோய் உள்ள குழந்தைக்கு இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்றியாக வேண்டும். டெங்கு பரவும் மழைக்காலத்தில் தட்டணுக்களைத் தேடி அலைவார்கள். ஆகவே அரசு மருத்துவமனை ரத்த வங்கி அலுவலரிடம் போய், "உங்களிடம் எப்போது இருப்பு குறையும், எந்த வகை குறையும்?" என்று கேளுங்கள். நூறு பேரை ஒரே நாளில் படுக்க வைப்பதைவிட, ஐம்பது ஐம்பதாக ஆண்டில் இரண்டு முகாம் நடத்துவது நோயாளிக்கு அதிகம் பயன்படும்.

உரிமம் பெற்ற ரத்த வங்கி வந்துதான் ரத்தம் எடுக்க வேண்டும். மூன்று மணி நேரத்தில் ஐம்பது முதல் எழுபது பேர் என்றால், ஒரு மருத்துவர், இரண்டு செவிலியர், மூன்று ஆய்வக நுட்புநர், உதவியாளர்கள் என்று ஒரு குழுவே வரும். காற்றோட்டமான கூடம், தடையில்லாத மின்சாரம், குடிநீர், கழிப்பறை, ஆறேழு கட்டில் போட இடம், இவை மன்றத்தின் பொறுப்பு. பள்ளிக்கூட வகுப்பறை நன்றாகப் பொருந்தும். தகரக் கொட்டகை வேண்டவே வேண்டாம். வெக்கையில் மயக்கம் கூடும். தட்டணு பிரிக்க வேண்டுமானால், எடுத்த 6 முதல் 8 மணி நேரத்துக்குள் அந்த வேலை முடிய வேண்டும். தொலைவான கிராமமாக இருந்தால் காலை எட்டரைக்கே ஆரம்பித்து நண்பகலில் பையை வண்டி ஏற்றிவிடுங்கள். சிறப்பு விருந்தினர் வரட்டும் என்று பதினொரு மணி வரை காத்திருந்தால், பசியோடு உட்கார்ந்திருக்கும் கொடையாளர்தான் கட்டிலில் மயங்குவார்.

சாப்பாட்டில் ஒரு தவறு திரும்பத் திரும்ப நடக்கிறது. வந்தவுடன் பிரியாணி, பரோட்டா கொடுத்துவிடுகிறார்கள். எண்ணெய் அதிகமான உணவுக்குப் பிறகு எடுத்த ரத்தத்தில் அதன் திரவப் பகுதியான பிளாஸ்மா பால்போலக் கலங்கியிருக்கும். பரிசோதனைக்கு இடைஞ்சல், பிளாஸ்மாவைக் கொட்டவும் நேரும். இட்லி, இடியாப்பம் போல எளிதான உணவு, அதோடு அரை லிட்டர் தண்ணீர் போதும். ரத்தம் கொடுத்த பிறகு மோர், பழச்சாறு, பிஸ்கட் கொடுத்துப் பதினைந்து நிமிடமாவது உட்கார வையுங்கள். தலை சுற்றினால் உடனே படுக்க வைத்துக் கால்களை உயர்த்திப் பிடியுங்கள். எழுப்பி நடத்திக்கொண்டு போகாதீர்கள். வீட்டுக்குத் தானே வண்டி ஓட்டிக்கொண்டு போகிறவரைக் கூடுதல் நேரம் இருத்திக்கொள்ளுங்கள்.

கொடுக்கிறவருக்கு 18 வயது முடிந்திருக்க வேண்டும், எடை 45 கிலோவுக்குக் குறையக்கூடாது, ஹீமோகுளோபின் 100 மில்லி ரத்தத்தில் 12.5 கிராமாவது வேண்டும். பச்சை குத்தி ஓராண்டு ஆகாதவர், மருந்து சாப்பிடுகிறவர் அதை மறைக்காமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். ஹீமோகுளோபின் குறைவு என்று திருப்பி அனுப்பப்படுவோரில் பெண்கள் அதிகம். அவர்களைச் சும்மா போகச் சொல்லிவிடாதீர்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரும்புச்சத்து மாத்திரை கிடைக்கும் என்று எழுதிக் கொடுத்து, மூன்று மாதம் கழித்து வந்து பார்க்கச் சொல்லுங்கள். ரத்தம் கொடுக்க முடியாமல் போனாலும் தம் ரத்தசோகையை அறிந்துகொண்டு போகிறாரே, அதுவும் முகாம் செய்த நன்மைதான்.

பரிசுப் பொருள், பணம் எதுவும் அறிவிக்காதீர்கள். பரிசுக்காக வருகிறவர் மருத்துவர் கேட்கும் கேள்விக்கு உண்மையை மறைக்கக்கூடும். தொழில்முறைக் கொடையாளர்களிடம் ரத்தம் வாங்குவது 1998 ஜனவரி முதல் இந்தியாவில் தடை செய்யப்பட்டதற்கும் இதே அச்சம்தான் அடிப்படை.

முகாமோடு வேலை முடியவில்லை. பெயர், ரத்த வகை, கடைசியாகக் கொடுத்த தேதி மூன்றையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். ஆண்கள் 90 நாள், பெண்கள் 120 நாள் இடைவெளி விட வேண்டும். ஓ நெகட்டிவ், ஏபி நெகட்டிவ் போன்ற அரிய வகைக்காரரை முகாமில் படுக்க வைக்காமல், அவசர அழைப்புக்கு வைத்துக்கொள்வது நல்லது. இன்று கொடுத்துவிட்டால் மூன்று மாதத்துக்கு அவரைக் கூப்பிட முடியாது.

கடைசியாக, படிவத்தில் எழுதும் கைபேசி எண். நூறு படிவத்திலும் மன்றச் செயலாளர் எண்ணையே எழுதிவிடும் பழக்கம் இருக்கிறது. எடுத்த ஒவ்வொரு பையையும் எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை வைரஸ்களான பி, சி, சிபிலிஸ், மலேரியா ஆகிய ஐந்துக்கும் சோதிக்கிறார்கள். ஏதாவது தென்பட்டால் ரத்த வங்கி அந்தக் கொடையாளரை மட்டும் தனியே அழைத்துப் பேச வேண்டும். தேவைப்பட்டால் எச்.ஐ.வி. ஆலோசனையும் பரிசோதனையும் தரும் நம்பிக்கை மையத்துக்கு அனுப்ப வேண்டும். அந்த அழைப்பு செயலாளருக்கு வந்தால், ஒருவருடைய ரகசியம் ஊர்ப் பேச்சாகிவிடும்; அல்லது செய்தி அவருக்குப் போய்ச் சேராமலே சிகிச்சை தள்ளிப்போகும். ஒவ்வொருவரும் தம் சொந்த எண்ணைத் தம் கையால் எழுதட்டும். முடிவு என்ன என்று மன்றத்தார் யாரும் கேட்க வேண்டாம். வணக்கம்.