காந்தி நகரில் எழுந்த ஆய்வகம்: மால்கம் ஆதிசேசையாவின் பொதுவாழ்வு

அவைத்தலைவர் அவர்களே, பேராசிரியப் பெருமக்களே, மாணவ நண்பர்களே, அனைவருக்கும் வணக்கம்.

கொள்கை ஆய்வு நிறுவனங்களை நடத்தியவர்களைப் பற்றிப் பேசும்போது அவர்கள் வகித்த பதவிகளை வரிசையாகச் சொல்வது மேடை வழக்கம். மால்கம் ஆதிசேசையா அவர்களைப் பொறுத்தவரை அந்தப் பட்டியல் மிக நீளமானது என்பதால் அதை விரைவாகக் கடந்துவிடுகிறேன். 1910இல் வேலூரில் பிறந்தார். சென்னை லயோலா கல்லூரியிலும், பின்னர் லண்டனிலும் கேம்பிரிட்ஜிலும் பொருளியல் பயின்றார். கல்கத்தாவிலும் சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும் ஆசிரியராக இருந்தார். 1948இல் யுனெஸ்கோவில் சேர்ந்து, 1963 முதல் 1970 வரை அதன் துணைத் தலைமை இயக்குநராக விளங்கினார். எழுத்தறிவுப் பணிக்கு யுனெஸ்கோ பின்னாளில் அவர் பெயரில் ஒரு பரிசையே நிறுவியது.

அறுபது வயதில், உலகெங்கும் மதிப்புப் பெற்ற ஒருவர், ஓய்வுக்குப் பின் எங்கு வேண்டுமானாலும் தங்கியிருக்கலாம். அவரோ சென்னைக்குத் திரும்பினார். 1971 ஜனவரியில் அவரும் அவர் துணைவியார் எலிசபெத் அம்மையாரும் தங்கள் சேமிப்பைக் கொண்டு, அடையாறு காந்தி நகரில் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தைத் தொடங்கினார்கள். அன்றைய சூழலை நினைத்துப் பார்த்தால்தான் இதன் அருமை விளங்கும். ஐந்தாண்டுத் திட்டங்கள் டெல்லியில் வகுக்கப்பட்டன. பொருளாதார ஆய்வு என்றாலே இந்தியா முழுவதற்குமான கணக்கு என்றே பெரும்பாலோர் எண்ணினார்கள். ஒரு மாநிலத்தின் பாசனத்தையும் கூலியையும் பள்ளிகளையும் தனியே எடுத்துத் தொடர்ந்து ஆராய்வது ஒரு முழுநேரப் பணியாகக் கருதப்படவில்லை. அந்தப் பணிக்காகவே ஒரு நிறுவனம் வேண்டும் என்று அவர் உறுதியாக நம்பினார். அதே ஆண்டில் தமிழ்நாடு அரசு மாநிலத் திட்டக்குழுவை அமைத்தபோது அதிலும் உறுப்பினரானார். அரசுக்கு உள்ளே இருந்து திட்டம் தீட்டிக்கொண்டே, வெளியே அதைச் சோதித்துப் பார்க்கும் ஓர் இடத்தையும் வளர்ப்பது எளிதன்று. ஆலோசகர் என்ற தகுதி கிடைத்ததும் ஆய்வாளரின் குரல் தாழ்ந்துபோவதை நாம் அடிக்கடி காண்கிறோம்.

அவருடைய தலைமையில் நான் மிக உயர்வாகக் கருதுவது 1977, 1978 ஆகிய ஆண்டுகளில் நடந்ததை. இந்திய சமூக அறிவியல் ஆராய்ச்சிக் குழுவும் தமிழ்நாடு அரசும் நிதி வழங்கும் தேசிய நிறுவனமாக அவர் தொடங்கிய ஆராய்ச்சி நிறுவனம் மாற்றியமைக்கப்பட்டது. தாம் தொடங்கியதைத் தம் கைக்குள்ளேயே வைத்திருக்க அவர் நினைக்கவில்லை. இயக்குநர் பொறுப்பைப் பேராசிரியர் சி. டி. குரியனிடம் ஒப்படைத்துவிட்டு, தலைவராக மட்டும் இருந்தார். குரியனின் பொருளியல் நோக்கு தனித்தன்மை உடையது: உற்பத்தி எவ்வளவு பெருகியது என்பதோடு நில்லாமல், நிலமும் பிற வளங்களும் யாரிடம் இருக்கின்றன, அதனால் யார் ஏழையாகவே இருக்கிறார்கள் என்று கேட்பது. 1960களில் தமிழகத்தில் உற்பத்தி வளர்ந்தபோதும் வறுமை அகலவில்லை என்று அவர் ஜோசப் ஜேம்ஸுடன் இணைந்து காட்டிய ஆய்வு, திட்டங்களை வகுத்தவர்களுக்கு இனிமையான செய்தியாக இருந்திருக்க முடியாது. திட்டக்குழுவில் பணியாற்றிய ஒருவரே நிறுவிய இடத்திலிருந்து அத்தகைய ஆய்வு வந்தது என்பதை இங்குள்ள இளைய ஆய்வாளர்கள் மனத்தில் இருத்த வேண்டும்.

இதே காலத்தில் ஆதிசேசையா சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராகவும், 1978 முதல் 1984 வரை மாநிலங்களவை நியமன உறுப்பினராகவும் பணியாற்றினார். கல்லூரிகளுக்குத் தன்னாட்சி வேண்டும் என்று அவர் வாதாடியதைப் பற்றித் தனியே ஓர் உரை நிகழ்த்தலாம். இன்று அதற்கு நேரமில்லை.

நிறுவனம் செய்த வேலை எத்தகையது என்பதற்கு ஓர் ஊரைச் சொல்கிறேன். விழுப்புரம் பகுதியில் இருவேல்பட்டு என்று ஒரு கிராமம் இருக்கிறது. 1916இல் சென்னைப் பல்கலைக்கழகப் பொருளியல் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் தம் மாணவர்களைக் கொண்டு சில கிராமங்களின் நிலவரத்தை எழுதுவித்தார். இருவேல்பட்டு அவற்றுள் ஒன்று. 1930களில் அந்த ஊர்கள் மீண்டும் ஆராயப்பட்டன. 1980களின் தொடக்கத்தில், அரசுப் பணியிலிருந்து ஆய்வுக்கு வந்த எஸ். குகன், மானிடவியலாளர் ஜோன் மென்ச்சருடன் அதே ஊரை ஆராய்ந்தார். இந்த நிலம் யாருடையது, கிணறு யாருடையது, அறுவடைக்குக் கூலி நெல்லாகவா பணமாகவா, கடன் யாரிடம், வட்டி என்ன: இத்தகைய கேள்விகளை ஒரே ஊரில் தலைமுறைதோறும் கேட்டால்தான் மாற்றம் தெரியும். மாநில நிதித்துறையின் செயலாளராக இருந்த ஒருவர் ஓர் ஊரின் கூலிக் கணக்கில் மூழ்கினார் என்றால், அந்த உழைப்புக்கு இடம் தந்த நிறுவனம் எத்தகையதாக இருந்திருக்க வேண்டும்! காவிரிச் சிக்கலிலும், முதியோருக்கும் ஆதரவற்றோருக்குமான சமூகப் பாதுகாப்பிலும் குகன் பின்னர் எழுதியவற்றுக்கு இந்தப் பயிற்சி உரமாயிற்று என்பது என் கருத்து.

ஆதிசேசையா 1994 நவம்பரில் மறைந்தார். 2008இல் அந்நிறுவனப் பேராசிரியர் கே. நாகராஜ், ஜெ. ஜெயரஞ்சன், ஜான் ஹாரிஸ் ஆகியோர் மறுபடியும் இருவேல்பட்டுக்குச் சென்றனர். பெருநிலக்கிழார் குடும்பத்தின் பிடி தளர்ந்திருந்ததையும், உழைக்கும் மக்கள் வேளாண்மைக்கு வெளியே வேலை தேடிக்கொண்டதையும், அரசின் நலத்திட்டங்கள் அவர்கள் வாழ்வில் கூட்டிய பலத்தையும் பதிவு செய்தனர். அவர்களுள் ஜெயரஞ்சன் 2021இல் மாநிலத் திட்டக்குழுவின் துணைத்தலைவரானார். அரை நூற்றாண்டுக்கு முன் ஆதிசேசையா உறுப்பினராக அமர்ந்திருந்த அதே குழுதான் அது.